விராலுக்கு வேப்பிலை

வீரகத்தி அண்ணையைப் பற்றிக் கேட்டால் ஸ்கந்தபுரத்தில் பாதிப்பேர் அவர் வன்னிக் குளங்களுக்கெல்லாம் மீன் கொடுத்த மனிதர் என்பார்கள். மற்றப் பாதிப்பேர் அந்தக் குளங்களைக் கெடுத்தவரே அவர்தான் என்பார்கள். நான் இரண்டு பகுதியிலும் சேரமாட்டேன். பதினொரு வருடம் அந்த ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவருடைய தகப்பன் காலத்தில் வடமராட்சியிலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்த குடும்பம். குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல். மனைவி கமலாசனி. பிள்ளைகள் இல்லை. வயலை அவர் கடமைக்குச் செய்தார், விரால் மீனை ஆசைக்கு வளர்த்தார். கோடை முற்றிக் குளம் சேறாகும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அவர் மட்டும் நல்ல சோடிகளாகப் பார்த்துக் குடத்தில் எடுத்துப்போய் ஊர்க் கிணறுகளில் விடுவார். கிணற்றில் விரால் கிடந்தால் நுளம்புக் குடம்பிப் புழுக்களைத் தின்றுவிடும் என்பதால் ஒருவரும் மறுப்பதில்லை. ஐப்பசி மழைக்குக் குளம் நிறைந்ததும் திரும்பப் பிடித்துக் குளத்தில் விடுவார். அடுத்த வருடத்து விரால் அப்படித்தான் மிஞ்சியது.

2002இல் போர்நிறுத்தத்தோடு பாதை திறந்தது. மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்கள் குடத்தோடு வரத் தொடங்கினார்கள். வராதவர்களுக்கு அவரே சைக்கிள் கரியரில் குடத்தைக் கட்டி, ஈரச் சாக்கால் மூடிக்கொண்டு போனார். மல்லாவி, கனகராயன்குளம், நெடுங்கேணி வரைக்கும் போனார். காசு கொடுத்தால் கோபம் வரும். நானும் ஒரு தரம் கொடுத்துப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2004 தை மாதம் ஒரு காலையில் வாளியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வாளியில் ஒரு விரால். செட்டைக்குக் கீழே சிவப்பாக ஒரு புண், நடுவில் சதை தின்னப்பட்டு வெள்ளையாக எலும்பு தெரிந்தது. புண்ணின் ஓரத்தில் பஞ்சு போல ஏதோ படர்ந்திருந்தது. மீன் மூக்கைத் தண்ணீருக்கு வெளியே நீட்டியபடி அசையாமல் நின்றது. இவ்வளவு தின்னப்பட்ட பிறகும் அது உயிரோடு இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“ரீச்சர், விராலுக்கு அம்மாள் வந்திருக்கிறா,” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். எங்கள் பக்கத்தில் கொப்புளிப்பான் வந்தால் அதை நோய் என்று சொல்வதில்லை, அம்மாள் வந்திருக்கிறா என்போம். வாசல் படலையில் வேப்பிலை செருகுவோம், மீன் இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்கமாட்டோம், மருந்து கொடுக்கமாட்டோம். புண் காய்ந்ததும் நல்ல நாள் பார்த்து வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரால் முழுக வார்ப்போம். ஒரு தரம் வந்தவருக்குத் திரும்ப வராது என்பது நம்பிக்கை. கொப்புளிப்பானைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையும்கூட. நான் சிரித்ததால் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், மனிதருக்குச் செய்வதை அப்படியே மீனுக்குச் செய்தார்.

புண் வந்த மீனை ஒருவரும் தின்னக்கூடாது, கொல்லக்கூடாது என்று ஊரில் சொல்லிவைத்தார். மூன்று கிணறுகளில் அவற்றைப் பிரித்து விட்டார். கமலாசனி அக்கா வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைத்து, கிணற்றுக் கட்டில் வேப்பிலை கட்டி, காலையும் மாலையும் மஞ்சள் தெளித்தார். பாதி மீன் செத்தது. பங்குனி வெயிலில் கிணற்றுத் தண்ணீர் சூடாக, மீதிக்குப் புண் ஆறிக் கறுத்த தழும்பு விழுந்தது. ஊர் அதிசயப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அந்த மீன்களுக்குத் தண்ணீர் வார்த்துக் குளத்தில் விட்டார்கள். அம்மாள் பார்த்துவிட்டுப் போன மீன், இனி ஒன்றும் வராது என்று வேறு ஊர்க்காரர்களும் அவற்றையே கேட்டு வாங்கினார்கள். அந்த வருடம் வீரகத்தி அண்ணையின் சைக்கிள் ஓயவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டிக்கு அடிக் கண்ணாடி இல்லை. முகச்சவரக் கண்ணாடியை உடைத்து ஒட்டி வைத்திருந்தேன். கிணற்றில் செத்த ஒரு மீனின் புண்ணைச் சுரண்டி அதில் வைத்தபோது வெள்ளை இழைகள் தெரிந்தன. பூஞ்சணத்தின் இழை மூங்கில் மாதிரிக் கணுக் கணுவாகத் தடுப்போடு இருக்கும். இதற்குத் தடுப்பே இல்லை. விளங்காததால் புண் சதையைப் போத்தலில் அடைத்து, பேராதனையில் ஆய்வு செய்துகொண்டிருந்த என் வகுப்புத் தோழிக்கு அனுப்பினேன். பதில் மார்கழியில்தான் வந்தது. அதற்குள் மழைக்குக் குளங்கள் நிறைந்து, மீன்கள் ஊர் ஊராகப் போய்விட்டன.

இது பூஞ்சணம் மாதிரி இருக்கும், ஆனால் பூஞ்சணம் இல்லை, கடற்பாசிக்குத்தான் கிட்டிய சொந்தம் என்று எழுதியிருந்தாள். தண்ணீரில் செத்தவற்றைத் தின்று வாழ்ந்த கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தவை. ஒரு கிளை பயற்றங்கொடியின் வேரைத் தின்னப் பழகியது. இன்னொரு கிளை ஆற்று இறாலை, இது மீனை. எதைத் தின்கிறதோ அதைக் கரைக்கும் சாறுகளைச் செய்வதற்கான பரம்பரையலகுகளை, அதாவது ஜீன்களை, ஒவ்வொன்றும் பெருக்கி வைத்துக்கொள்கிறது. வேர் தின்பதிடம் வேரின் சுவரை அறுக்கும் கத்திகள், மீன் தின்பதிடம் சதையை அறுக்கும் கத்திகள். சில வகைகள் செத்ததையும் தின்னும், உயிரோடிருப்பது அகப்பட்டால் அதையும் தின்னும். பழைய பழக்கத்தை விட்டுவிடாமலே புதியதைக் கற்றுக்கொண்டவை. அந்தப் பரம்பரையலகுகளை இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றும், இது மீனில்லாத தண்ணீரில் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்றும் எழுதியிருந்தாள். கடைசி வரியை மட்டும் அடிக்கோடிட்டிருந்தாள். புண் ஆறிய மீனையும் அது கிடந்த தண்ணீரையும் ஓரிடமும் கொண்டுபோக வேண்டாம்.

2005 தை மாதம், குளிர் தொடங்கியதும் எங்கள் குளத்தில் மறுபடி விரால் மிதந்தது. அவர் மறுபடி பிடித்துக் கிணறுகளில் விட்டார். வேறு ஊர்களிலிருந்தும் கதை வந்தது. வகுப்பில் பிள்ளைகளிடம் விசாரித்து, மீன் செத்த குளங்களையெல்லாம் ஒரு வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகக் குறித்தேன். பிறகு அவர் வீட்டுக்குப் போய் மேசையில் விரித்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, புள்ளிகளைப் பார்த்தார். விரலை ஸ்கந்தபுரத்தில் வைத்து மெல்ல நகர்த்தினார். ஒரு புள்ளியையும் விரல் தவறவிடவில்லை.

“இது நான் சைக்கிளிலை போன பாதை ரீச்சர்,” என்றார்.

நான் கடிதத்தை வாசித்து, ஆறிய மீனும் நோயைக் கொண்டுபோகும் என்று விளங்கப்படுத்தினேன். அவருக்குத்தான் விளங்கப்படுத்தினேன். கமலாசனி அக்கா தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றார். ஒரு தரம்கூட நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மீன் ஆண்களின் காரியம் என்று நினைத்தேனோ, வேப்பிலை கட்டிய மனுசிக்கு இது விளங்காது என்று நினைத்தேனோ தெரியவில்லை. என் பங்கு இதுதான்.

அடுத்த இரண்டு நாளில் அவர் கிணறுகளில் கிடந்த நாற்பத்தொரு விராலையும் பிடித்து, ஆறியது ஆறாதது என்று பார்க்காமல் கொன்று, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். அம்மாளின் மீனைக் கொன்ற பாவி என்று ஊர் அவரோடு பேச்சை நிறுத்தியது. அவரும் பேச்சை நிறுத்தினார். சைக்கிளைக் கழுவி மாட்டுக் கொட்டிலில் சாத்திவிட்டார். 2006இல் சண்டை தொடங்கிப் பாதை திரும்ப மூடப்பட்டபோது எங்கள் குளத்தில் திலாப்பியா மட்டும் இருந்தது. அதை இந்த நோய் பெரிதாகத் தொடுவதில்லை. அவர் அதையும் தின்னவில்லை, பல நாள் சோறும் தின்னவில்லை. அந்த மனுசன் கண் முன்னே வற்றிக்கொண்டு போனது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

எங்களுக்குத் தெரிந்தவரை ஒரு குளம் மட்டும் தப்பியிருந்தது. விசுவமடுவுக்குக் கிட்ட, கமலாசனி அக்காவின் தம்பி செல்வராசாவின் காணிக்கு அருகில் ஒரு சின்னக் குளம். 2004இல் செல்வராசாவும் மீன் கேட்டிருந்தார். குடத்தோடு புறப்பட்ட அன்று சைக்கிள் செயின் அறுந்து இவர் பாதியில் திரும்பிவிட்டார். பிறகு போகவேயில்லை. அந்தக் குளத்தில் அதன் சொந்த விரால் புண்ணில்லாமல் இருந்தது. எப்போதாவது வாய் திறந்தால் அதைப் பற்றித்தான் கேட்பார்.

2008 ஐப்பசியில் சண்டை கிட்ட வர, ஸ்கந்தபுரம் முழுதும் ஊரை விட்டு எழும்பியது. ஊர் எழும்பியபோது நானும் அவர்களுடைய உழவு மெஷினில்தான் ஏறினேன். சாமான்களின் மேலே கமலாசனி அக்கா, மடியில் துணியால் வாய் கட்டிய ஒரு குடத்தோடு இருந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் தாங்கினார். குடிதண்ணீர் என்று நினைத்தேன். வீரகத்தி அண்ணையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மூன்று நாளில் செல்வராசாவின் காணிக்கு வந்து தறப்பாள் கட்டினோம்.

அந்தச் சின்னக் குளத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சனம். கடைகளில் ஒன்றுமில்லை. காயப்பட்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அந்த விராலைத்தான் காய்ச்சிக் கொடுத்தார்கள். வீரகத்தி அண்ணை விடியக் குளக்கட்டுக்குப் போய்விடுவார். வேறு குளத்தில் நனைந்த வலையை இரண்டு நாள் வெயிலில் காயப்போடாமல் இறக்க விடமாட்டார், வழியில் நிரப்பிய வாளியைக் குளத்தில் அலச விடமாட்டார். சனம் சிரித்தாலும் பெரும்பாலும் கேட்டு நடந்தது. மூன்று வருடத்தின் பின் அவர் வாய் நிறையப் பேசியதைக் கேட்டேன்.

“இது ஒண்டாவது மிஞ்சட்டும் ரீச்சர்,” என்றார் ஒரு நாள். “இது மிஞ்சினால் மற்றக் குளங்களுக்கு ஒருநாள் இஞ்சையிருந்து கொண்டு போகலாம்.”

கார்த்திகைக் கடைசியில் புயல் மழை அடித்து, குளம் நிரம்பி வான் பாய்ந்தது. குளிர் வந்தது. மார்கழி நடுவில் ஒரு காலை என்னைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரையோரம் ஒரு விரால் மூக்கை வெளியே நீட்டி நின்றது. செட்டைக்குக் கீழே சிவப்பு. வெள்ளத்திலே வந்திருக்கும், இத்தனை ஆயிரம் வாளியில் ஒன்றில் வந்திருக்கும் என்று நான் சொன்னேன். அவர் நேரே தறப்பாளுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

அடுப்படியில் அந்தக் குடம் கவிழ்ந்து கிடந்தது. வாய் விளிம்பில் மஞ்சள் காய்ந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கமலாசனி அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கேட்கும் முன்னரே சொன்னார். சொல்லவேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்த சந்தோசம் அந்தக் குரலில் இருந்தது.

“இஞ்சாருங்கோ, உங்கடை மீன் எல்லாம் அழிஞ்சு போகேல்லை. புகையிலைத் தோட்டத்துக் கிணத்திலை ரெண்டு ஒளிச்சு வைச்சிருந்தனான். அம்மாள் பார்த்த மீன். போன மாசம் மழை விட்ட வெள்ளிக்கிழமை தண்ணி வார்த்து இந்தக் குளத்திலை விட்டிட்டன். நீங்கள் திரும்பச் சிரிக்க வேணும் எண்டு வைச்சிருந்தனான்.”

உண்மை எனக்கு வாய் வரையில் வந்துவிட்டது. அவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

“நல்ல காரியம் செய்தனீர்,” என்றார் மனைவியிடம்.

ஒரு கிழமையில் குளம் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. குளக்கட்டில் சனம் கூடிக் கத்தியது. எவன் கொண்டுவந்தவன் என்று கேட்டது. அவர் கூட்டத்தின் நடுவே போய் நின்று, நான்தான் எங்கடை ஊர்க் கிணத்து விராலைக் கொண்டுவந்து விட்டனான் என்றார். காயப்பட்ட மகனுக்கு மீன் வாங்க வந்திருந்த ஒருவர் அவர் முகத்தில் துப்பினார். அவர் துடைக்கவில்லை. கமலாசனி அக்கா அன்று நிவாரண வரிசையில் நின்றார். மனைவிக்கு ஒன்றும் தெரியவராதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லி வீரகத்தி அண்ணை என்னிடம் கேட்டார். நான் சத்தியம் செய்தேன்.

தை மாதம் பீரங்கிச் செல் கிட்ட விழத் தொடங்க, எல்லோரும் திரும்பவும் எழும்பினோம். போகும் சனம் வழிச் சாப்பாட்டுக்கென்று உயிரோடு மிஞ்சிய மீன்களை வாளியிலும் குடத்திலும் அள்ளியது. கிழக்கே இன்னும் குளங்கள் இருந்தன, கேணிகள் இருந்தன. அவர் குளக்கட்டில் நின்று ஒவ்வொருவரையும் மறித்து, தண்ணியை இஞ்சையே ஊத்துங்கோ, மீனை வெட்டிக் கொண்டு போங்கோ என்று கெஞ்சினார். ஒருவர் ஊற்றினார். மற்றவர்கள் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாளிகளிலிருந்து சிந்திய தண்ணீர் றோட்டு நீளத்துக்கும் கோடாகக் கிடந்தது. பங்குனியில் மாத்தளனில் செல் விழுந்து அவர் செத்தார். நான் பக்கத்துப் பங்கரில் இருந்தேன்.

பல வருடங்களின் பின் அந்த உயிரியின் பரம்பரையலகுகளை முழுவதும் வாசித்துவிட்டார்கள் என்று ஒரு கட்டுரையில் கண்டேன். சதையைக் கரைக்கும் கத்திகள் அதில் எத்தனை என்று எண்ணிப் போட்டிருந்தார்கள். நான் அதை மடித்து வைத்துவிட்டேன்.

கமலாசனி அக்காவை அதற்கு முன்பே, 2009 ஆனியில், போர் முடிந்து, செட்டிகுளம் அகதி முகாமில் கண்டிருந்தேன். தண்ணீர் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். பிறகு, திரும்பாமலே கேட்டார்.

“ரீச்சர், அந்தக் குளத்து மீன் செத்தது உங்களுக்குத் தெரியும்தானே. நான் விட்டது ஆறின மீன்தானே?”

எந்தப் பிள்ளை எந்தக் கேள்வி கேட்டாலும் சரியான விடையைத்தான் சொல்லிப் பழகியவள் நான். கடிதம் வாசித்த அன்று குசினி வாசல் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்கவேண்டிய விடை என்னிடம் இருந்தது.

“ஓம் அக்கா,” என்றேன். “ஆறின மீன்தான்.”

அவர் தலையாட்டிவிட்டு, வெறும் வாளியை ஓரடி முன்னே தள்ளி வைத்தார்.