எலும்பு பொருத்தும் விளையாட்டு

1. போன ஆகஸ்டில் என் அக்கா காய்ச்சலில் இறந்தாள்.
2. அவளுடைய ஐந்து வயது மகளுக்கு டேப்லெட்டில் ஒரு டைனோசர் செயலியை ஏற்றிக் கொடுத்தேன்.
3. அதில் விரலால் தேய்த்தால் மண் விலகும், எலும்புகள் தெரியும். அவற்றை இடம் பார்த்துப் பொருத்தினால் சதை ஏறி, கண் திறந்து, விலங்கு எழுந்து நடக்கும்.
4. ஈஸ்டருக்கு முந்தின நாள் அவள் ஒரு பிரஷோடு எங்களுடன் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள்.

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. அதனால் கொடுப்பதற்கு முன் அந்தச் செயலியை முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். விளம்பரம் இல்லை. ரத்தம் இல்லை. ஒன்றை ஒன்று கடித்துத் தின்னும் காட்சி இல்லை. குழந்தைக்கு ஏற்றது என்று முடிவு செய்தேன்.

திருவனந்தபுரத்தில் வேலை முடிந்து வெள்ளிதோறும் தக்கலையில் இறங்கி அத்தான் வீட்டுக்குப் போவேன். அக்கா போனபின் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதெல்லாம் அந்த டேப்லெட்டைச் சுற்றித்தான்.

"இது என்னத்த தின்னும்?" என்று அத்தான் மகளிடம் கேட்பார்.

"புல்லு."

"புல்லு தின்னியதுக்கு இம்புட்டு பெரிய வயிறாட்டி?"

"நீங்க சோறுதான தின்னிய? ஒங்களுக்கும் இருக்குல்லா!"

ஈஸ்டர் விடியற்காலையில் எங்கள் சபையார் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடுவார்கள். அதனால் முந்தின நாளே ஒவ்வொரு குடும்பமும் போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்துவிட்டு வரும். அக்காவுக்கு இன்னும் கல்லறை கட்டவில்லை. மண்மேடும் சுற்றி ஒரு வரிசைச் செங்கல்லும்தான். அத்தான் செங்கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். நான் புல் பிடுங்கினேன். அக்கா மகள் மேட்டின் ஓரத்தில் குந்தி, பிரஷால் மண்ணை மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். சுத்தம் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"சித்தி, நீங்க அந்தப் பக்கம் தேய்ங்க. அமுக்காதீங்க, எலும்பு ஒடிஞ்சிரும்."

"ஏட்டி, என்ன செய்யிய?"

"அம்மைய எடுக்கியேன். நாளைக்குத்தான எழும்புவாங்க? மரிச்சவங்க எழும்புவாங்கன்னு ஞாயிறு பள்ளி டீச்சர் சொன்னாங்க. இன்னைக்கே எல்லாத்தையும் பொருத்தி வைக்கணும்லா."

அத்தானின் கை செங்கல்மேல் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. ஒனக்குத்தான் அந்த டேப்லெட்டப் பத்தித் தெரியும்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். டேப்லெட்டில் வரும் எலும்புகளைப்போல நிஜமாகவே பூமிக்குள் எலும்புகள் உண்டு; ஆனால் அவை எழுந்து நடப்பது ஆட்கள் வரைந்து வைத்த படம் என்று சொன்னேன். எந்த டைனோசரும் அப்படி எழுந்ததில்லை.

"அப்போ எழும்பியது பொய்யா?"

"டேப்லெட்டுல வாறது பொய் மக்கா."

"டீச்சர் சொன்னது?"

நான் பக்கத்திலிருந்த புல்லைப் பிடுங்கினேன். அத்தான்தான் சொன்னார். "அது பொய் இல்ல மக்கா. ஆனா இப்ப இல்ல. ஒருபாடு காலம் ஆவும்."

அவள் பிரஷில் ஒட்டிய மண்ணை உதறினாள்.

"டைனோசர் செத்து எம்புட்டு காலம் ஆச்சு சித்தி?"

"கோடிக்கணக்கான வருஷம்."

"அதுவே இன்னும் எழும்பலியே."

இரண்டு கல்லறைகளுக்கு அப்பால் யாரோ சுண்ணாம்பு வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது. அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அழவில்லை. பிரஷை வைத்துவிட்டு, தள்ளிய மண்ணை உள்ளங்கையால் வாரித் திரும்ப அதன் இடத்தில் போட்டாள். போட்டு, தட்டிவிட்டாள். அக்கா அவளைத் தூங்க வைக்க முதுகில் தட்டுவாளே, அந்த வேகத்தில். நானும் கூடச் சேர்ந்து தட்டினேன்.

மறுநாள் விடியற்காலையில் அத்தான் எழுப்பியபோது, தூக்கம் வருகிறது என்று போர்வைக்குள் போய்விட்டாள். கண்கள் திறந்தேதான் இருந்தன. அத்தான் தனியாகப் போய்ப் பாடிவிட்டு வந்தார்.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள். பள்ளியில் யாராவது கேட்டால், அம்மா இறந்துவிட்டாள் என்று அவளே சொல்கிறாள். ஞாயிறு பள்ளி டீச்சர் சொன்னது பொய்யா என்று அவள் என்னிடம் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.