பவுனம்மாளின் இடக்கை

சுகுமாறனுக்கு முகுந்தனைக் கண்டாலே ஆகாது. இதை நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் டயாலிசிஸ் நிலைய வாசலில் வடை விற்பவருக்குக்கூடத் தெரியும். நோயாளிகளை வீட்டிலிருந்து அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விடும் வேன்களுக்கு நான்தான் பொறுப்பு. ஓட்டுநர்களான இவர்கள் இருவரும் என் கண்முன்னால்தான் வருவார்கள், போவார்கள்.

சுகுமாறன் லோரி ஓட்டிவிட்டு எங்களிடம் வந்தவர். கல்யாணம் ஆகவில்லை, செந்தூல் ஃப்ளாட்டில் தனி ஆள். சக்கர நாற்காலியை ஏற்றினால் நான்கு பக்கமும் பட்டையை மாட்டி, இழுத்துப் பார்த்து, நாற்காலியை ஒருமுறை உலுக்கியும் பார்ப்பார். அதுவரை வண்டி நகராது. பேச்சும் கிடையாது, பாட்டும் கிடையாது. நோயாளிகள் அவரை உம்மணாமூஞ்சி என்பார்கள். கிள்ளானிலிருந்து வரும் பவுனம்மாள் மட்டும் வீட்டில் சுட்ட முறுக்கைக் காகிதத்தில் சுற்றி அவருக்குக் கொடுப்பார். அந்த மனிதருக்கு உலகத்தில் கிடைத்த பாசமே அவ்வளவுதான்.

அதற்கும் வேட்டு வைத்தான் முகுந்தன். வேலைக்குச் சேர்ந்த கையோடு எல்லோருக்கும் செல்லப்பிள்ளையாகிவிட்டான். கிள்ளான் பாதையை அவனுக்குக் கொடுத்தோம். பவுனம்மாள் அவன் வேனுக்குப் போனார், முறுக்கும் கூடவே போனது. வேன் நின்றதும், "வாங்க என் டார்லிங்" என்று கையைப் பிடித்து இறக்குவான். அந்த அம்மா வெட்கப்பட்டுச் சிரிப்பார். சுகுமாறன் தன் வேனுக்குள் உட்கார்ந்து அந்தக் கையையே வெறித்துப் பார்ப்பார்.

"அவன் எந்தக் கையப் புடிக்கிறான் பாருங்க வாணி மேடம்," என்றார் ஒருநாள். "ஊசி போடுற கை."

உண்மைதான். டயாலிசிஸ் ஊசிக்காக அறுவை செய்து நாளங்களை இணைத்த இடக்கை அது. அதை அழுத்தக்கூடாது, இழுக்கக்கூடாது. அடைத்துக்கொண்டால் சிகிச்சையே நின்றுபோகும். முகுந்தனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சாரிக்கா, மறந்துட்டேன் லா" என்றான். அடுத்த முறையும் அதே கையைத்தான் பிடித்தான்.

முகுந்தனின் வேன் பரிசோதனைக்குப் போன அன்று சுகுமாறன் கிள்ளானுக்குப் போனார். பவுனம்மாள் முந்தானையை இடக்கையில் சுற்றியிருந்தார். வண்டியில் ஏறும்போது அது விலகிவிட்டது. முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்து வீங்கியிருந்தது.

"முந்தாநாள் வீட்டு வாசல்ல எறங்கறப்ப கால் தடுக்கிருச்சு சுகு. நான் விழக்கூடாதுன்னு புடிச்சு இழுத்தான், பாவம். நீ ஆபீஸ்ல சொல்லிராத. அவன் வேல போயிரும்."

"சொல்லித்தான் ஆகணும் ஆன்டி."

"ஒனக்கு அவன் மேல பொறாம. அதான்."

சுகுமாறன் அங்கிருந்தே எனக்கு போன் செய்தார். நோயாளி தடுக்கினாலும், உடம்பில் புதிதாக ஒரு காயம் தெரிந்தாலும், ஓட்டுநர் அன்றே எங்களுக்குச் சொல்லியாக வேண்டும். முகுந்தன் சொல்லவில்லை. நர்ஸ் என்னிடமிருந்து போனை வாங்கி, கையைத் தொட்டால் ரத்தம் ஓடும் வழக்கமான அதிர்வு இருக்கிறதா என்று கேட்டார். பவுனம்மாள் தொட்டுப் பார்த்தார். "நேத்துலருந்து இல்லம்மா," என்றார் சின்னக் குரலில்.

நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னோம். அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் அந்தக் கை உதவாமல் போயிருக்கும் என்றார்களாம். முகுந்தனை மறுபயிற்சி முடியும்வரை வண்டி எடுக்க விடவில்லை. அதற்காக எங்கள் நிலையத்தில் யாரும் சுகுமாறனுக்கு மாலை போடவில்லை. காத்திருந்து கழுத்தை அறுத்துவிட்டார் என்றுதான் பேசிக்கொண்டார்கள். அவரோ தினமும் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: "முகுந்தன் போயி பாத்தானா மேடம்?"

பவுனம்மாள் சிகிச்சைக்குத் திரும்பினார், சுகுமாறன் வேனில். வாசலில் இறங்கியவர் உள்ளே வராமல் நின்றார். என் கண் கணினியில் இருந்தது, காது அங்கே இருந்தது.

"ஒன்னாலதான் கை பொழச்சுதுன்னு நர்ஸ் சொன்னாங்க. உண்மையச் சொல்லு சுகு. எனக்காகச் சொன்னியா, அவன மாட்டிவிடச் சொன்னியா?"

"தெரியல ஆன்டி. அவன் ஒங்க கையப் புடிச்சாலே எனக்கு வயிறு எரியும். அந்தக் கைய விட்டு என் கண்ணு நகரல."

"அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதான். நீ எட்டிக்கூடப் பாக்கல."

"அவன் இருப்பான்னுதான் வரல."

 பவுனம்மாளின் கோபமெல்லாம் இறங்கிவிட்டது போலத்தான் இருந்தது. ஆனாலும் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"அவன் திரும்பி வந்தா நான் அவன் வண்டியிலதான் போவேன். கோச்சுக்காத."

சுகுமாறன் வேன் கதவை இழுத்து மூடினார்.

"போங்க ஆன்டி. ஆனா வலது கைய மட்டும் குடுங்க அவன்கிட்ட."

நிமிர்ந்து சுகுமாறன் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.