ரிப்பீட்டில் போட்ட டிஸ்க்

முப்பது வருஷமாகக் கொல்லங்கோட்டில் டிவி, பிளேயர் ரிப்பேர் பார்க்கிறேன். என் கையில் செத்த செட்டுகள் ஏராளம். அதற்கெல்லாம் நான் தூக்கத்தைத் தொலைத்ததில்லை. போன வருஷம் ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு நடந்ததற்குத் தொலைத்தேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜவுளிக் கடை அப்பாஸ் பாய் ஒரு கனமான பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹெச்டி படம் வந்த புதிதில் புளூ-ரே, ஹெச்டி டிவிடி என்று இரண்டு வகை டிஸ்க்குகள் போட்டி போட்டன. எது ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாததால் இரண்டையும் எடுக்கிற பிளேயரும் ஒன்றிரண்டு வந்தன. துபாயிலிருந்த பாயின் மச்சான் மகன் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கடைசியில் ஹெச்டி டிவிடி தோற்று, கடைகளிலிருந்தே காணாமல் போய்விட்டது. பாயின் கெட்ட நேரம், மகளின் கல்யாண வீடியோவை அந்தப் பையன் தோற்ற டிஸ்க்கில்தான் ரைட் பண்ணிக் கொடுத்திருந்தான்.

"புளூ-ரே படமெல்லாம் ஓடுதுங்க தம்பி. இத மட்டும் எடுக்க மாட்டீங்குது" என்று அந்த டிஸ்க்கை நீட்டினார். "ஊட்டுக்காரி மௌத்தாகி நாப்பது நாளாச்சு. போட்டோவெல்லாம் நெறையக் கெடக்குது. அவ நடக்கறது, பேசறது இதுல மட்டுந்தான் இருக்குது."

"வேற காப்பி இல்லீங்களா பாய்?"

"இல்லீங்க. அந்தக் கேமராவே தொலஞ்சு போச்சு."

"நாளன்னைக்கு வாங்க. பேச வச்சுத் தர்றேன்" என்றேன். வாய்க்கொழுப்பு.

லென்ஸைத் துடைத்தேன். எடுக்கவில்லை. விசிடி காலத்திலிருந்து எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. லேசருக்குப் பக்கத்தில் பிரீசெட் என்று ஒரு பொடி ஸ்குரு இருக்கும். அதைக் கொஞ்சம் திருப்பி லேசர் பவரை ஏற்றிவிடுவோம். நானும் திருப்பினேன். படம் பளிச்சென்று வந்தது. கல்யாண வீடு, பந்தல், பச்சைச் சேலையில் பாயின் சம்சாரம்.

எங்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சரிபண்ணிய செட்டில் கஸ்டமரின் டிஸ்க்கையே போட்டு, ரிப்பீட்டில் நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்போம். ரிப்பேர் திரும்பி வந்தால் நம் பெயர்தானே கெடும்! மறுநாள் காலையில் ஓடவிட்டுவிட்டு, ஒரு மிக்சியைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு நிமிர்ந்தால், திரையில் பச்சை நிறம் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்தது. அப்புறம் 'நோ டிஸ்க்' என்று வந்தது. எடுத்துத் திரும்பப் போட்டேன். நோ டிஸ்க். பிரீசெட்டைப் பழைய இடத்துக்கே திருப்பினேன். நோ டிஸ்க்.

அப்போதுதான் உறைத்தது. கம்பெனி அச்சடிக்கிற பட டிஸ்க் அந்த லேசரைத் தாங்கும். வீட்டில் ரைட் பண்ணிய டிஸ்க்கில் இருப்பது வெறும் சாயம். லேசர் சூட்டில் எழுதியது லேசர் சூட்டிலேயே அழியும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நானே அந்த அம்மாவை அழித்திருக்கிறேன். பிளேயரின் பிளக்கைப் பிடுங்கினேன்.

'டிஸ்க் பழசு, போயிடுச்சு' என்று சொல்லியிருக்கலாம். பாய் நம்பியிருப்பார். ஆனால் மறுநாள் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றதும் அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"பாய், நான் அழிச்சுட்டனுங்க" என்றேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாய் திட்டுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மெல்லக் கேட்டார்.

"நாள் முச்சூடும் ஓடுச்சுன்னீங்களே தம்பி. ஒரு எடத்துல அவ கேமராவப் பாத்து என்னமோ சொல்லிச் சிரிப்பா. எங்களுக்கு மறந்தே போச்சு. என்னங்க சொன்னா?"

இருவரும் என் வாயையே பார்த்தார்கள்.

"மியூட்ல போட்டிருந்தனுங்க பாய்."

இப்போது யார் எந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தாலும், படம் வந்த அந்த நிமிஷமே செல்போனைத் தூக்கி டிவித் திரையைச் சத்தத்தோடு ரெக்கார்டு பண்ணிவிடுகிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. அன்றைக்கும் போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.