ஓடைக்குக் குறுக்கே விழுந்த பாறை

மலை சரியும் சத்தத்தை ஒரே நாளில் இரண்டு முறை கேட்டேன். முதல் சத்தம் எங்களைக் கொல்ல வந்தது. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தச் சாட்சி.

என் படிப்பு எட்டோடு நின்றது. குளச்சல் பக்கம் கடல் தொழில், பிறகு வளைகுடாவில் குவைத், ரூவி, கடைசியில் ராஸ் அல் கைமா. எங்கேயும் நான் நிலைத்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் மலைச்சாலையில் கல் விழாதபடி சரிவுக்குக் கம்பி வலை கட்டும் வேலை. என்னோடு புதுக்கோட்டைச் செல்வம்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எங்களை ஏற்ற வேண்டிய வண்டி வரவில்லை. குளிர்காற்று தாங்க முடியவில்லை. கடலில் காற்று முற்றினால் பாறை மறைவில் வள்ளத்தை ஒதுக்குவோம். அந்தப் பழக்கத்தில் வறண்ட ஓடைக்குள் இறங்கி, பாறையடியில் ஒதுங்கினேன்.

“இங்க வாலே, காத்து அடிக்காது.”

“இது கடல் இல்லண்ணே. மேல கல்லெல்லாம் ஊறிப்போய் நிக்குது.”

“எனக்குத் தெரியாத காத்தாலே? வா.”

சிரித்துக்கொண்டே வந்தான்.

சரிவு இடிந்தது. எனக்குக் கீறல்கள்தான். செல்வத்தின் வலது கால் பாறைக்கடியில். கடப்பாரையால் நெம்பினேன்; அசையவில்லை. அதற்குள் ஓடையில் செந்தண்ணீர் வந்துவிட்டது. உட்கார்ந்திருந்தவனின் மார்பைத் தொட்டது.

“நீங்க ஏறிப் போங்கண்ணே” என்றான்.

“இயேசுவே, இவன் உயிரை மட்டும் கொடும்!” என்று கத்தினேன்.

மேலே மறுபடியும் அதே சத்தம். இதுதானா உம்முடைய பதில் என்று கசந்துபோனேன். ஆனால் அந்தச் சரிவு எங்களுக்கு மேற்புறம், ஓடைக்குக் குறுக்கே விழுந்தது. தண்ணீர் அங்கேயே தடைபட்டு நின்றது. பாறைக்கடியில் சேறு தெரிந்தது. கையால் தோண்டி, அவனை இழுத்துச் சாலைக்கு ஏற்றினேன். பின்னால் அடைப்பு உடைந்து, நாங்கள் இருந்த இடமே வெள்ளமாயிற்று.

வண்டி ஏன் வரவில்லை என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் காலை எடுத்தார்கள். கம்பெனி அவன் விசாவை முடித்து ஊருக்கு அனுப்பியது. “கலாஸ்”, முடிந்தது, என்றார் போர்மேன்.

நான் ஊர் ஊராக ஓடுவதை நிறுத்திவிட்டேன். இங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் செல்வத்துக்குப் போன் பண்ணுவேன். போன வாரம் கேட்டான்:

“உங்க சாமி நல்ல சாமிதாண்ணே. காலையும் சேத்துக் கேட்டிருக்கலாம்ல?”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சகோதரரே, அவர் கேட்கிறவர். கண்ணால் கண்டேன், நன்றியோடு சொல்கிறேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள். என்னைப்போலப் பயத்தில் குறைத்துக் கேட்காதீர்கள்.