நாலு அங்குலம் முன்னே வந்த சீட்

போன செவ்வாய்க்கிழமை காலை. முன்னறையில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு வாசனை. எழுந்து, ஒரு காலில் ஷூவோடு சமையலறைக்கு ஓடினேன். "தண்ணிய ஊத்து" என்று சொல்லிக்கொண்டேதான் ஓடியிருக்கிறேன்.

"எதுக்கு ஊத்தணும்? ரசத்துக்குக் கொள்ளு வறுக்கறேன்" என்றார் என் மனைவி, கரண்டியை நிறுத்தாமல்.

கொள்ளு வறுபடும் வாசனை வந்தால் உங்களுக்கு ரசம் நினைவுக்கு வரும். எனக்கு ரேஸ் கார் நினைவுக்கு வருகிறது. சிரிக்காதீர்கள்... சொல்கிறேன்.

செஞ்சியில் திண்டிவனம் போகும் சாலையில் சகாயராஜின் லேத் பட்டறை இருக்கிறது. கடலை உடைக்கும் மிஷின் செய்வார், பழுது பார்ப்பார். வல்லத்திலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள். ஆறடி உயரம், ஐம்பதை நெருங்கும் வயது, அதிகம் பேசாத மனிதர். என் வீட்டு கேட்டின் கீல் உடைந்து, வெல்டிங் வைக்க அவரிடம் போனேன். கீல் அரை மணி நேரத்தில் தயார். நான்தான் சாயங்காலம்வரை அங்கேயே நின்றேன்.

பட்டறையின் பின்பக்கம், தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு கார் படுத்திருந்தது. 'நின்றிருந்தது' என்று எழுத வரவில்லை. தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. இரும்புக் குழாய்களை வளைத்து வளைத்து அவரே கட்டிய சட்டம். அவரே வார்த்த ஃபைபர் மூக்கு. விபத்தில் நசுங்கிய ஒரு சின்னக் காரின் இன்ஜின். காயலான் கடைக்கு வந்த டீசல் ஜீப்பின் டர்போ. மூன்று வருட உழைப்பு. ரோட்டில் ஓட்டுவதற்கில்லை. ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கு.

தெருக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். கேள்வி மூன்றுதான்.

"எத்தினி பேரு போலாம்?"

"ரெண்டு பேரு."

"ஏசி இருக்குதா?"

"இல்ல."

"மைலேஜு?"

அதற்கு சகாயராஜிடம் பாவம் போல ஒரு சிரிப்பு.

டர்போ என்றால் என்ன என்று நானும் கேட்டேன். "கடல மிஷின்ல தோல ஊதித் தள்ளுற ஃபேன் இருக்குதில்ல சார், அது மாதிரிதான். அத சுத்த வைக்கிறதுக்கு கரண்ட் இல்ல, பெல்ட் இல்ல. வண்டி வுடுற புகையே சுத்த வைக்கும். வுடுற மூச்சாலயே திரும்ப மூச்சு குடுக்கறது" என்றார்.

முப்பது வருடமாக வரிகளை உடைத்துப் போட்டுக் கவிதை எழுதுகிறேன். இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை.

அவர் கட்டியது உடல். அந்தக் காரின் மூளை அவர் மனைவி ஸ்டெல்லா. பஸ் ஸ்டாண்டு பக்கம் இ-சேவை மையம் வைத்திருக்கிறார். பகலெல்லாம் வருமானச் சான்றிதழும் பட்டாவும். விடிகாலையில் மட்டும் அதே லேப்டாப்பில் வேறு கட்டங்கள். குறுக்கே இன்ஜின் சுற்றும் வேகம், நெடுக்கே டர்போ தள்ளும் காற்று, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பெட்ரோல் என்று ஓர் எண். எண் குறைந்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். கூடினால் கரும்புகை. இதையெல்லாம் இணையத்தில் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவர்.

சோதனை ஓட்டத்துக்கு இடம்? ஊருக்கு வெளியே ஒரு நகர் இருக்கிறது. நகருக்கு வளைவு உண்டு, பூங்கா என்று எழுதிய பலகை உண்டு, சுற்றிலும் அருமையான தார் ரோடு உண்டு. வீடு மட்டும்தான் கிடையாது. மனை போட்டவரிடம் அனுமதி வாங்கி, காலை ஆறு மணிக்கு காரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சகாயராஜ் ஓட்டுவார். ஸ்டெல்லா பக்கத்து சீட்டில், மடியில் லேப்டாப்போடு. நுழைவு வளைவுக்குக் கீழே செல்போனில் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிக்கொண்டு நான். ஓர் இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாத என்னை அப்படி நிற்க வைத்தது அந்தக் கார் ஒன்றுதான்.

பனிக்குள்ளிருந்து கோட்டை மலை மெல்ல மெல்ல வெளியே வரும். தூரத்துத் திருப்பத்தில் முதலில் ஒன்றும் கேட்காது. பிறகு ஒரு விசில்... மெலிசாக, ஏறிக்கொண்டே. பிறகு இன்ஜின். கடந்து போகும்போது காற்று என் சட்டையைப் பிடித்து இழுக்கும்.

ஒரு நாள் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "நீங்க ஓட்டிப் பார்க்கலையா?"

"கேட்டுப் பாத்துட்டேண்ணா. மொத மாசம் கிளட்ச்சு புதுசுன்னாரு. ரெண்டாவது மாசம் டயரு புதுசுன்னாரு. இப்ப, எனக்குக் கால் எட்டாதுங்குறாரு."

"எட்டாதுதான" என்றார் சகாயராஜ், போல்ட்டை முடுக்கிக்கொண்டே. "சீட்ட என் அளவுக்கு வச்சு வெல்டு அடிச்சாச்சு."

"வெல்டு அடிச்சது யாராம்?"

சகாயராஜ் முடுக்கிய போல்ட்டையே மறுபடி முடுக்கினார்.

இதில் நான் யாருக்குப் பரிந்து பேசுவது? வீடு எழுதி வைப்போம், நிலம் எழுதி வைப்போம், ஏடிஎம் பின் நம்பரைக்கூடச் சொல்லிவிடுவோம்... ஸ்டீயரிங்கை மட்டும் பெண்டாட்டி கையில் கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை. இதை எழுதுபவன் வீட்டிலும் இதே கதைதான்.

மாசியில் அந்த நாள் வந்தது. சென்னைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ரேஸ் டிராக்கில், சொந்தமாகக் கட்டிய கார்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு காருக்கு ஓர் ஓட்டுநர். ஃபாரத்தில் சகாயராஜின் பெயர். விட்டால் அடுத்த வருடம்தான். மூன்று வருடம் அந்த மனிதர் காத்திருந்தது இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.

அதற்கு முந்தின புதன்கிழமை. வழக்கம்போல முதலில் ஒரு சுற்று மெதுவாகப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நாய் இல்லை, கல் இல்லை. இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. நாலாவது சுற்றில் விசில் கேட்டது... கேட்டுக்கொண்டே இருக்கும்போது அறுந்தது.

அப்போதுதான் அந்த வாசனை. கொள்ளு வறுபடும் வாசனை. அதன் பின்னாலேயே புகை.

ஓடினேன். தூரத்துத் திருப்பத்தில், ரோட்டை அடைத்து, முழங்கால் உயரத்துக்குக் கொள்ளுச் செடி பரப்பிக் கிடந்தது. நம் பக்கத்துச் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். அறுத்த செடியை ரோட்டில் போட்டுவிட்டால் போகிற வருகிற வண்டி மிதித்து மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். லாரிக்கு அது ஒன்றுமில்லை. நாலு விரல் உயரக் காருக்கு? செடி மொத்தத்தையும் வயிற்றில் வாரிச் சுருட்டிக்கொண்டது. உள்ளே நெருப்பாய்க் கனன்றுகொண்டிருந்த டர்போ குழாய். சொல்லவா வேண்டும்?

ஸ்டெல்லா லேப்டாப்போடு வெளியே குதித்து, தீயணைப்பு சிலிண்டரை எடுத்து அடித்துக்கொண்டிருந்தார். தீ அணைந்தது. ஆனால் பெட்ரோல் பைப்புக்குப் பக்கத்தில் ஒரு கொத்து இன்னும் செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. சகாயராஜ் படுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டார். வெறுங்கை. பிடுங்கி வெளியே எறிந்தார்.

ஈரச் சாக்கோடு வேப்ப மரத்தடியிலிருந்து ஓடி வந்தவர் முருகேசன். பக்கத்து நிலத்துக்காரர். சாக்கை அமுக்கி, புகை அடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏன் மேஸ்திரி, இன்னாத்துக்கு வண்டிய இப்பிடித் தரையில தேச்சிக்கினு கட்டி வச்சிருக்க? மெயின் ரோட்டுல லாரி போவுது, பஸ்ஸு போவுது, எதுக்கும் தீப்புடிக்கல."

"நீ எப்ப இதக் கொட்டுன? போன சுத்துல இல்லியே" என்றார் சகாயராஜ்.

"நீ அந்தாண்ட போனதும் கொட்டுனேன். தெனம் முப்பது சுத்து சுத்துற... சும்மாதான சுத்துற. எங் கொள்ளுச் செடியயாவது மிதிச்சிட்டுப் போவட்டுமேன்னு பாத்தேன்."

ஸ்டெல்லாதான் முதலில் சிரித்தார். சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். முருகேசனுக்குச் சங்கடமாகிவிட்டது. "பாதிய வறுத்தே குடுத்துட்டீங்க" என்று முனகிக்கொண்டே, கருகாததை வாரி ஒரு பையில் கட்டி ஸ்டெல்லா கையிலேயே கொடுத்தார்.

காருக்குப் பெரிய சேதம் இல்லை. ஒரு வயர் கட்டு, ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான். சேதம் சகாயராஜின் இடது உள்ளங்கையில். டாக்டர் கட்டுப் போட்டு, பத்து நாளைக்கு அந்தக் கையால் எதையும் பிடிக்கக் கூடாது என்றார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "நல்லவேள, சோத்துக் கை தப்பிச்சுது."

சோற்றுக்கு வலது கை போதும். கியருக்கு இடது கை அல்லவா வேண்டும்?

வியாழக்கிழமை மாலை பட்டறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஸ்டெல்லா லேப்டாப்பைத் திறந்து கணவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். கேன்சல் பண்ண ஒரு பட்டன் இருக்குது. ஓட்டுறவங்க பேர மாத்த ஒரு பட்டன் இருக்குது. எத அமுக்கட்டும்?"

சத்தம் உயரவில்லை. கவுண்டரில் வந்து நிற்பவரிடம் கேட்பது போலத்தான் கேட்டார். பெயரில் திருத்தமா, முகவரியில் திருத்தமா?

சகாயராஜ் வலது கையால் லேப்டாப்பை மனைவி பக்கமே திருப்பி வைத்தார். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

ஸ்டெல்லா எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை. லேப்டாப்பை மூடி வைத்தார். "அவர் மேல தப்பில்லண்ணா" என்றார். "மூணு வருசமா தூக்கத்துல கியர் மாத்துற ஆளு."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு போன். "சார், பட்டறைக்கு வர முடியுமா? ஒரு கை கொறையுது." சகாயராஜ்.

போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் காருக்குள் குனிந்து, வலது கையில் கிரைண்டரைப் பிடித்து, முழங்கையால் சட்டத்தை அழுத்திக்கொண்டு எதையோ அறுத்துக்கொண்டிருந்தார். பொறி பறந்தது. எட்டிப் பார்த்தேன்.

சீட்டின் வெல்டை அறுத்துக்கொண்டிருந்தார்.

"அத அங்க புடிங்க சார். இல்ல, இன்னும் முன்னால. நாலு அங்குலம். அவ அஞ்சடிதான."

நான் பிடித்தேன். அவர் அளந்தார், துளை போட்டார், போல்ட் வைத்தார். ஒரு வேலையை ஒற்றைக் கையால் செய்வது எவ்வளவு மெதுவானது என்று அன்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் மாட்டி, யோசித்து, கழற்றி, மறுபடி மாட்டினார். அறுத்த வெல்டின் தழும்பைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஸ்பேனர் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பதரை மணிக்கு ஸ்டெல்லா, மையத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"உக்காந்து பாரு" என்றார் சகாயராஜ்.

உட்கார்ந்தார். கிளட்ச்சை மிதித்தார். கால் எட்டியது.

ஃபாரத்தில் ஓட்டுநர் பெயர் மாறியது. சனிக்கிழமை அதே நகர். இந்த முறை ரோட்டைக் காவல் காத்தவர் முருகேசன்! கையில் ஒரு குச்சியோடு, ஆடு மாடு வராமல் பார்த்துக்கொண்டார். ஸ்டெல்லா தனியாகப் பத்துச் சுற்று ஓட்டினார். சகாயராஜ் என் பக்கத்தில் நின்றார். விசில் வரும்போதெல்லாம் அவருடைய கட்டுப் போட்ட கை தானாக அசைந்தது. இரண்டிலிருந்து மூன்று... மூன்றிலிருந்து நான்கு.

"எவ்ளோ சார்?"

ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "உங்க டைமை விட ரெண்டு செகண்ட் கம்மி."

"நீங்க சரியா அமுக்குனீங்களா?"

"சரியாத்தான் அமுக்கினேன்."

அடுத்த சுற்றுக்கு அவரே என் போனை வாங்கி அமுக்கினார். இரண்டரை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரேக்க லேட்டா அடிக்கிறா" என்றார். குறை சொல்வது போலத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அது குறையாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. டிராக்கில் காரைப் பரிசோதித்தவர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். டர்போ குழாயைச் சுற்றிப் புதிதாக ஒரு தகடு. "இது யார் செஞ்சது?" என்றார். "அவரு" என்றார் ஸ்டெல்லா. "ட்யூனிங்?" "அவ" என்றார் சகாயராஜ். பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

சுற்றிலும் பளபளவென்று கார்கள், கூடவே ஐந்தாறு மெக்கானிக்குகள். எங்களுக்கு மெக்கானிக் ஒற்றைக் கைக்காரர். உதவியாளன், கவிதை எழுதுபவன்.

டிராக்குக்குள் நுழையும் வாயிலில் வரிசை நகர்ந்தது. முன்னால் இரண்டு கார்கள். பிறகு ஒன்று. சிவப்பு விளக்கு. அதற்கு மேல் எங்களுக்கு அனுமதி இல்லை.

சகாயராஜ் குனிந்தார். வலது கையால் மனைவியின் தோள் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"வண்டியப் பாக்காத ஸ்டெல்லா. வண்டி போனா போவுது, இன்னொண்ணு கட்டிக்கலாம். நீ உன்னப் பாத்துக்க."

ஹெல்மெட்டுக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. விளக்கு பச்சைக்கு மாறியது. ஸ்டெல்லா முதல் கியரைப் போட்டார்.

"இத மூணு வருசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா, இந்நேரம் ரெண்டு வண்டி கட்டியிருப்போமே."