என்னை முந்திப் போன தண்ணீர் வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரில் மகள் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை பேருக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அஞ்சாவது வரை படித்தவன் நான், கையெழுத்து மட்டும் கலெக்டர் மாதிரி போடுவேன். பெட்டி கனமாக இருந்தது, பிரித்துப் பார்த்துவிட்டேன். கிரீஸ் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே கவிழ்த்த ‘ட’ மாதிரி மடங்கிய கெட்டி இரும்பு. அதில் மேலிருந்து கீழே வரிசையாக ஓட்டைகள்.

மாப்பிள்ளை வந்ததும் இது என்ன என்று கேட்டேன். அவர் ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். பெரிய டயர் மாட்டி, ஸ்பிரிங்கை ஏற்றி, ஏணி வைத்து ஏறும் உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அதன் பின்னால் கல்யாணங்களுக்குக் காபி போடும் டிரெய்லரை இழுத்துப் போகப்போகிறாராம்.

“டிராப் ஹிட்ச் மாமா, டிரெய்லர் மாட்டுற கொக்கிக்கு. நம்ம வண்டி ஒசரம், டிரெய்லர் தாழ்வு. எவ்ளோ வித்தியாசமோ அவ்ளோ எறக்கி, அந்த ஓட்டைல மாட்டணும். அவ்ளோதான்.”

அவ்ளோதானா! ஒரு மனுஷன் உயிரைப் பணயம் வைத்து நான் கற்றுக்கொண்டதைப் பெட்டியில் போட்டு வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள்.

எழுபதுகளில் என்னிடம் ஒரு லாரி இருந்தது. ராணுவ ஏலத்தில் எடுத்தது. அடையாற்றுப் படுகையில் இறங்கி மணல் அள்ள வேண்டும் என்று, ஸ்பிரிங்கில் நானே நாலு பட்டை கூடுதலாக வைத்து உயர்த்தினேன். மயிலாப்பூர் மாடவீதியில் அது வரும்போது ஜனங்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் யாரையும் பார்க்க மாட்டேன், அவ்வளவு திமிர். என் மச்சான் தேவராஜ் அதற்கு ஒட்டகம் என்று பேர் வைத்தான்.

தேவராஜ் என் மனைவிக்கு அண்ணன், பட்டினப்பாக்கத்துக்காரன், கடலில் பத்து வருஷம் போய் வந்தவன், என்னிடம் லாரி ஓட்டவும் பழகியிருந்தான். மோர் கொடுத்தால்கூட டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, மட்டம் பார்த்துத்தான் குடிப்பான். ஏன் என்று கேட்டால் சிரிப்பான்.

ஒரு கோடையில் ஊரே தண்ணீருக்குத் தவித்தது. நான் சும்மா இருப்பேனா? இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றில் இரும்புத் தொட்டி வைத்து, ஒட்டகத்தின் பின்னால் மாட்டினேன். திருவான்மியூர் தோட்டக் கிணறுகளில் தண்ணீர் ஏற்றி, அடையாறு, மயிலாப்பூர் எல்லாம் ஊற்றினோம். லாரி மேலே டிரம்கள், பின்னால் தொட்டி. டிரெய்லரின் பிரேக் ஒரு கைச்சக்கரம். அதைத் திருக, தொட்டிக்கு முன்னால் இருந்த ஒரு முழப் பலகையில் தேவராஜ் நிற்பான். அங்கிருந்து அவன் “போலாம் ரைட்!” என்று கத்தினால்தான் நான் கியரைத் தொடுவேன்.

தினமும் காலையில் என் மனைவி வாசலுக்கு வந்து, “யோவ், எங்க அண்ணன முழுசா கூட்டினு வா” என்பாள். விளையாட்டுப் பேச்சுதான். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

லாரியின் கொக்கி உயரத்தில், டிரெய்லரின் வளையம் தாழ்வில். தூக்கி மாட்டினால் டிரெய்லர் மூக்கை வானத்துக்குக் காட்டியது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். தேவராஜுக்குப் பிடிக்கவில்லை.

“மாப்ளே, மூக்கு தூக்கினா தண்ணியெல்லாம் பின்னாடி போய்டும். பின்னாடி கனத்துச்சுன்னா வாலு ஆடும். படகுல பார்த்துக்கீறேன்.”

“படகு வேற, லாரி வேற. நீ மீனப் பத்தி பேசு.”

திருவல்லிக்கேணியில் வெல்டிங் வைத்திருந்த கபூர் பாயும் சொன்னார். “அரே, கொக்கிய கீழே எறக்கு. ஒரு தகடு வெச்சு நானே பண்ணித் தர்றேன்.” ராஜா மாதிரி வண்டிக்கு வால் தொங்க விடுவதா என்று கேட்டு வந்துவிட்டேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். அடையாறில் இரண்டு தெருவுக்கு ஊற்றிவிட்டு, தொட்டியில் பாதித் தண்ணீரோடு மயிலாப்பூருக்குக் கிளம்பினோம். பாலத்தில் ஒரு பஸ் பக்கத்தில் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஏன் சிரித்தானோ, எனக்குப் பொறுக்கவில்லை, மிதித்தேன். பின்னால் டிரெய்லர் மீன் வால் மாதிரி இப்படியும் அப்படியும் அடிக்க ஆரம்பித்தது. தேவராஜ் கத்தினான்: “மெதுவா! மாப்ளே, மெதுவா!” நன்றாகவே கேட்டது. பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

பாலம் இறங்கும் சரிவில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். லாரி சட்டென்று லேசானது. என் புத்தியைப் பாருங்கள், இன்ஜின் என்னமாய் இருக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

அப்போது என் இடது பக்கத்தில் தேவராஜ் என்னைக் கடந்து போனான்.

பொய் இல்லை. என் டிரெய்லர், என் தொட்டி, அதன் முன்னால் என் மச்சான், எல்லாம் லாரி இல்லாமல் என்னை முந்திப் போகிறது. இரண்டு கையாலும் பிரேக் சக்கரத்தைத் திருகிக்கொண்டே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ‘நீ எப்படி அங்கே இருக்கிறாய்’ என்று கேட்கிற மாதிரி இருந்தது. டிரெய்லரின் முன்னால் வளையத்தோடு நீட்டியிருந்த இழுகட்டை ரோட்டில் உராய்ந்து நெருப்பு பறந்தது. எதிரே பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். இழுகட்டை ஓர மணலில் குத்திக்கொண்டு, அந்த நாலு பேருக்கும் இரண்டடி முன்னால் டிரெய்லர் நின்றது. தண்ணீர் முழுக்க அவர்கள் மேல் கொட்டியது.

ஓடினேன். தேவராஜ் சக்கரத்தை விடவில்லை. விரல் விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. “தண்ணி போச்சே மாப்ளே” என்றான்.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்று பேசி வைத்தோம். அவன் சோற்றில் கை வைத்தபோது என் மனைவி உள்ளங்கையைப் பார்த்துவிட்டாள். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, “இன்னா ஆச்சு?” என்றாள். கொக்கியில் செருகும் ‘பின்’ ஆணி சரியில்லை, உடைந்துவிட்டது, புதுசு போட்டால் சரியாகிவிடும் என்றேன். அப்போதும் என் வாய் அப்படித்தான் பேசியது.

“சரி. நாளைக்கு அண்ணன் வண்டி ஓட்டட்டும். நீ பின்னாடி நில்லு.”

“நானா?”

“பின்னு மாத்திட்டா சரியாப் போய்டும்னியே. அப்புறம் இன்னா?”

மறுநாள் புதுப் பின்னோடு, பாதித் தொட்டித் தண்ணீரோடு, அந்த ஒரு முழப் பலகையில் ஏறினேன். கையில் துணி சுற்றிக்கொண்டு தேவராஜ் ஓட்டினான், நிதானமாகத்தான். ஆனால் பலகை பின்பக்கம் சாய்ந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் அவ்வளவு தண்ணீரும் பின்கோடிக்கு ஓடி இடிப்பது இரும்பு வழியாக எனக்குக் கேட்டது. ஒவ்வொரு இடிக்கும் கொக்கியில் வளையம் மேலே எம்பி, மேலே எம்பி விழுகிறது. என் காலுக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை நாள் இவன் தினமும் இதைப் பார்த்துக்கொண்டா எனக்கு ரைட் சொன்னான்? திருவான்மியூரிலிருந்து அடையாறு டெப்போ வரைதான் தாங்கினேன். “நிறுத்து மச்சான்!” என்று நான் கத்திய கத்தலில் ரோட்டோரப் பூக்காரம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

அங்கேயிருந்து நேரே கபூர் பாயிடம். அளந்தது தேவராஜ்தான். டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, இழுகட்டைக்குக் கல் முட்டுக் கொடுத்து, தொட்டி விளிம்புக்குத் தண்ணீர் முன்னும் பின்னும் ஒரே அளவு கீழே நிற்கும் வரை கல்லை மாற்றினான். அப்போது வளையம் தரையிலிருந்து எவ்வளவு என்று ஒரு கழியில் கோடு போட்டான். பிறகு கொக்கியை அளந்தான். ஒரு சாண் நாலு விரல் வித்தியாசம். அந்த அளவுக்குத் தகடு வெட்டச் சொல்லிவிட்டேன். “இரு மாப்ளே. டிரம்மெல்லாம் ஏத்து. பாரம் ஏறினா ஒட்டகமும் குந்தும்” என்றான். ஏற்றினோம், நாலு விரல் அமுங்கியது. ஆக, ஒரு சாண். கபூர் பாய் அந்தக் கணக்குக்குத் தகடு வெட்டி, கொக்கியைக் கீழே இறக்கி, வளையம் எம்ப முடியாதபடி மேலே ஒரு பூட்டும் வைத்தார். அதற்குப் பிறகு தொட்டி ஒருநாளும் ஆடவில்லை.

அதைப் பார்த்துத் தி.நகரிலிருந்துகூட லாரிக்காரர்கள் வந்தார்கள். இது யார் கணக்கு என்று கேட்டார்கள். “என் கணக்கு” என்றேன். தேவராஜ் பக்கத்தில்தான் நின்றிருந்தான். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “ஆமா, மாப்ள மூளைக்காரரு” என்றான். நாற்பது வருஷத்துக்கு மேல் நானும் அப்படியே சொல்லி வந்திருக்கிறேன். உங்களிடம்தான் முதல் தடவையாக உள்ளதைச் சொல்கிறேன்.

ஒட்டகத்தை எடைக்குப் போட்டாயிற்று, தகடும் அதோடு போய்விட்டது. தோட்டக் கிணறுகளின் மேல் இப்போது மாடி வீடுகள். தேவராஜ் போய் ஒன்பது வருஷம்.

மாப்பிள்ளை மூன்றாவது ஓட்டையில் மாட்டினார். காபி டிரெய்லர் தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி மட்டமாக நின்றது. நான் அதன் முன்பக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

“இன்னா தேடுறீங்க மாமா?”

“பின்னாடி ஆள் எங்க நிப்பான்?”

“ஆளா? கேமரா இருக்கே மாமா.”

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். என்னை அறியாமல் டிரெய்லரைத் தட்டி, “போலாம் ரைட்!” என்று கத்தினேன். வண்டி அதற்கு முன்பே நகர்ந்துவிட்டது. கண்ணாடி ஏற்றியிருந்தது.