வெள்ளிக்கிழமைகளில் தின்ற மீன்

பழைய எண்ணெயின் காறல் நெடி சட்டையை விட்டுப் போகவே இல்லை. மெர்சிங் படகுத்துறையைத் தாண்டி மூன்று மணி நேரம் நடந்த பிறகும், குளுவாங் சாலையில் தூறலில் நனைந்த பிறகும், குனிந்தால் அது மூக்கில் ஏறியது. தீவுக்குப் போகிறவர்கள் சாப்பிடும் கடையொன்றில் ஏழு மாதம் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே கடலை வைத்துக்கொண்டு, பெட்டியில் உறைந்து வரும் ஏதோ ஒரு வளர்ப்பு மீனை மூன்று நாள் எண்ணெயில் முக்கி எடுத்து ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ என்று கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். அன்று காலை ஒரு சின்னப் பெண் ஒரு வாய் கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் செய்தது சரிதான் என்று தோன்றியது. துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வேலையை விடுவது எனக்குப் புதிதில்லை. பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன், அதற்குப் பிறகு எதையும் இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்து வைத்ததில்லை.

ஜொகூரில் நல்ல ஃபிஷ் அண்ட் சிப்ஸ் எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால், முப்பது வருடம் தேடியவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பத்து பகாட்டில் மாவு ஒரு விரல் கனம், உள்ளே மீன் ஒரு நூல் கனம். சிகாமட்டில் மீன் பரவாயில்லை, உருளைக்கிழங்கு பையிலிருந்து கொட்டியது. ஜொகூர் பாருவின் பேரங்காடிகளில் தட்டு அழகாக இருக்கும், சாப்பிட்டு முடித்ததும் என்ன சாப்பிட்டோம் என்று நினைவிருக்காது. இவற்றையெல்லாம் நான் ஒரே ஒரு தட்டை வைத்துத்தான் அளக்கிறேன். அது யோங் பெங்கில், ஒரு ஹைனான் சீனக் கிழவரின் கடையில், என் ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை, வெள்ளிக்கிழமைகளில் நான் தின்றது.

அப்பா பெக்கோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கடைக்குச் சாமான் ஏற்றும் லோரி ஓட்டினார். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அந்த லோரி ஒரு வளைவில் புரண்டு பள்ளத்தில் விழுந்தது. அப்பா இரண்டு விலா எலும்பு முறிந்து பிழைத்து வந்தார். தோட்டத்து முருகன் கோயிலில் அம்மா நேர்ந்துகொண்டாள்: இனி வீட்டில் மூன்று பேரும் வெள்ளிக்கிழமை ‘கவுச்சி’ தொடமாட்டோம், நீ அவரைச் சாலையில் காப்பாற்று என்று. அவளுக்கு அது வெறும் வழிபாடு இல்லை. முருகனோடு செய்துகொண்ட ஒப்பந்தம். வியாழன் இரவே சட்டி பானைகளைப் புளி போட்டுத் துலக்கிவிடுவாள்.

அப்போது ஜொகூரில் வெள்ளிக்கிழமைதான் பள்ளி விடுமுறை. யோங் பெங் மொத்த வியாபாரக் கடைகளுக்கு அப்பா போகிற நாளும் அதுதான் என்பதால் என்னையும் ஏற்றிக்கொள்வார். சாமான் ஏற்றி முடிப்பதற்குள் பகல் ஒரு மணி ஆகிவிடும். முதல் வெள்ளிக்கிழமை அந்தக் கடை வாசலில் லோரியை நிறுத்தியதும் நான் அப்பாவைப் பார்த்தேன்.

“என்னடா முழிக்கிற? சாமி பெக்கோக்குல இருக்கு. யோங் பெங்ல அவருக்கு என்ன வேல?” என்றார். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி, “ஊட்டுல சொல்லாத” என்றார்.

கிழவர் முன்பு ஏதோ தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்குச் சமைத்தவர். தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் பேசுவார். அப்பா அவரை ‘தவுக்கே’, அதாவது முதலாளி, என்று கூப்பிடுவார். காலா மீனைத்தான் வாங்குவார். மலாயில் ‘கூராவ்’ என்பார்களே, அது. முட்டையில் தோய்த்து, உப்பு பிஸ்கட்டைப் போத்தலால் உருட்டி நொறுக்கிய தூளில் புரட்டி, கேட்ட பிறகுதான் பொரிப்பார். உருளைக்கிழங்கு சுண்டுவிரல் கனத்தில் தோலின் ஓரம் கொஞ்சம் ஒட்டியபடி இருக்கும். தட்டை வைக்கும்போது அப்பாவைச் சீண்டாமல் போகமாட்டார்.

“என்ன அண்ணே, உங்க சாமி இன்னிக்கும் லீவா?”

“அவருக்குத் தெரியாது தவுக்கே. நீ போய்ச் சொல்லாத.”

“நான் சொல்ல மாட்டேன். உன் மகன் சொல்லுவான் பாரு. தம்பி, சூடா சாப்புடு, மாக்கான் லா, ஆறிட்டா கட்ட மாதிரி ஆயிரும்.”

வீட்டில் பயறும் கீரையும் மட்டுமே உள்ள நாளில், மேலே மொறுமொறுவென்றும் உள்ளே வெள்ளைப் பஞ்சாகவும் இருந்த அந்த மீனை அப்பா கரண்டி, முள்கரண்டி எதுவும் தொடாமல் கையால் பிட்டுத் தின்றார். வீட்டில் அவர் அவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பிறகு இருவரும் விரல்களில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கழுவுவோம். லோரியில் ஒரு டப்பாவில் திருநீறு இருந்தது. பெக்கோக் திரும்பும் வளைவில் அப்பா எனக்குப் பூசிவிட்டுத் தானும் பூசிக்கொள்வார். “அப்பனும் புள்ளயும் சாமி கும்புட்டுட்டு வர்றாங்க” என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகச் சொல்வாள்.

எனக்குப் பத்து வயதானபோது ஒரு திங்கட்கிழமை, எதிரே வந்த மரலோரி மோதி அப்பா இறந்தார்.

வீட்டில் கிடத்தியிருந்தபோது அம்மா அழுத அழுகையில் மற்றப் பெண்கள் சொல்வதுபோல் வேறு எதுவும் இல்லை. “ஒரு வெள்ளி தவறலையே முருகா, ஒரு வெள்ளி தவறலையே” என்பதையே விடியும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தேன். சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். பதினைந்து நாள் சொல்லாமலும் இருந்தேன்.

பதினாறாம் நாள் படையல். இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆட்டிறைச்சிப் ‘பெரட்டல்’, இறால் சம்பால், கறுப்பு பீர், அவர் பிடிக்கும் சிகரெட், எல்லாம் வைத்தாகிவிட்டது. சூடம் ஏற்றுவதற்கு முன் பெரியப்பா எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: “அவனுக்குப் புடிச்சது ஒண்ணு கொறஞ்சாலும் வயிறு நெறையாமத்தான் போவான். நல்லா யோசிங்க, ஏதாச்சும் விட்டுப்போச்சா?”

சொன்னால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அப்பா பசியோடு போய்விடுவார். பத்து வயதில் அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

“ஃபிஷ் அண்ட் சிப்ஸ்” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அழுது ஓய்ந்த வீட்டில் அன்றுதான் முதல் சிரிப்பு. “ஒங்கப்பன் எப்படா தொரையானான்?” என்றார் பெரியப்பா. அவர்கள் நம்பவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

“நெசமாத்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யோங் பெங்ல சாப்புடுவோம்.”

சிரிப்பு நின்றது. அம்மா இலையில் சோற்றைச் சரிசெய்துகொண்டிருந்தவள், கையை எடுக்காமலே கேட்டாள்.

“நீயும் தின்னியா?”

“தின்னேன்மா.”

அவள் அடிக்கவில்லை. பெரியப்பாவிடம், “போய் வாங்கியாந்துருங்க” என்றாள். அவர் மோட்டார் சைக்கிளில் போய் வரும்வரை இலை காத்திருந்தது, ஈ ஓட்டியபடி அம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் கிழவர் உடனே பொரித்துக் கொடுத்தாராம். பொட்டலத்தைப் பிரித்து, ஆறி நமுத்துப்போயிருந்த மீனை, ஒப்பந்தத்தை உடைத்த அந்த மீனை, அம்மாவே தன் கையால் அப்பாவின் இலையில் வைத்தாள்.

அடுத்த வெள்ளியிலிருந்து ஒன்று தொடங்கியது. நான் வெளியே போய் வந்தால், ஒன்றும் கேட்காமல் என் வலது கையைப் பிடித்து விரல்களை முகர்ந்து பார்ப்பாள். முகர்ந்துவிட்டுக் கையை மெதுவாக விட்டுவிடுவாள். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். ஐந்து வருடம், ஒரு வெள்ளி விடாமல், அந்த மூக்கு என் விரலில் வந்து பட்டது. அப்பா செத்ததற்கு நானும் காரணமென்று அவள் நினைக்கிறாளா என்று கேட்க வாய் வரவில்லை. பதினைந்து வயதில் குளுவாங் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

குளுவாங்கில் ரொட்டி பேக்டரி, பாசிர் கூடாங்கில் மூட்டை இறக்கல், பாலம் தாண்டி சிங்கப்பூரில் கட்டட வேலை, பிறகு ஒவ்வோர் ஊராகச் சமையலறைகள். போன ஊரில் எல்லாம் முதல் வெள்ளிக்கிழமை தேடிப்போய் மீன் தின்றேன். முதலில் கோபத்தில் தின்றேன், பிறகு பழக்கமாகிவிட்டது. எங்கும் சரியாக இல்லை.

அம்மா இறந்தபோது நான் சிங்கப்பூரில் இருந்தேன், வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பெரியப்பா மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரிடம்தான் கேட்டேன், அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று.

“சாவுற வரைக்கும் வெள்ளிக்கிழம விடலடா அவ. அவன்தான் போயிட்டானே, இன்னும் யாருக்கு இந்த வெரதம்னு ஒருநாள் கேட்டேன். ஊரு ஊரா வண்டி ஏறி எறங்குற ஒருத்தன் இருக்கான்ல, அவனுக்குன்னு சொன்னா.”

நான் தின்ற வெள்ளிகளுக்கெல்லாம் அவள் அங்கே பட்டினியும் பயறுமாக ஈடு கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இது தெரிந்த பிறகு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை, தொடர்ந்து தின்றேன். நிறுத்தினால் அதுவரை தின்றதெல்லாம் கணக்கில் வந்துவிடும்போல் ஒரு பயம்.

மெர்சிங்கிலிருந்து நடந்த அன்று எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய ஒரு செம்பனை லோரி குளுவாங் வரை ஏற்றிக்கொண்டது, அங்கிருந்து பஸ். யோங் பெங்கில் இறங்கியபோது சாயங்காலம். இத்தனை வருடத்தில் அந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கிறேனே தவிர, இறங்கியதில்லை. கிழவரின் கடை இருந்த வரிசையில் கைப்பேசிக் கடைகள் இருந்தன. அதில் ஒன்றில் நின்ற பெண்ணிடம் விசாரித்தேன். “இந்த வரிசையில சாப்பாட்டுக் கடையே இருந்ததில்லையே அங்கிள்” என்றாள். அவளுக்கு இருபது வயதிருக்கும். அவளளவில் அது உண்மை. தோட்டத்து லயன் வீடுகளும் இடிக்கப்பட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்தத் தட்டைச் சாப்பிட்ட வாய்களில் மிஞ்சியது என் வாய் ஒன்றுதான்.

பின்தெருவில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவரின் சாப்பாட்டுக் கடைச் சுவரில் மீன் படம் ஒட்டியிருந்தது. நல்லாயிருக்குமா பாய் என்று கேட்டேன்.

“நல்லாருக்கும்னு சொன்னா பொய்யாயிரும் தம்பி. பொரிக்கிறவன் போன வாரம் சிங்கப்பூருக்கு ஓடிட்டான்.”

“நான் பொரிப்பேன்.”

என் பையையும் செருப்பையும் பார்த்தார். “எத்தன நாளைக்கு?”

“தெரியல பாய்.”

“அலமாக். உண்மையாவது பேசுறீங்க. காலையில வாங்க, ஜும்மாவுக்கு முன்னாடி ஒரு தட்டு போட்டுக் காட்டுங்க.”

காலையில் சந்தைக்குப் போய்க் காலா மீன் வாங்கி வந்தேன். புது எண்ணெய் கேட்டேன், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். பிஸ்கட்டைப் போத்தலால் நொறுக்கினேன், கிழங்கைச் சுண்டுவிரல் கனத்தில் வெட்டினேன். மீன் எண்ணெயில் இறங்கியதும் எழுந்த வாசனையில் என் கை நின்றுவிட்டது. முப்பது வருடம் ஒரு கடையிலும் வராத வாசனை. தட்டில் எடுத்து வைத்து அவர் பக்கம் தள்ளினேன்.

“நீங்க ஒரு வாய் போட்டுப் பாக்கலயா?”

“இன்னிக்கு வெள்ளிக்கிழம பாய்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஓரத்தில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

“உப்பு சரியா இருக்கு” என்றார். “பன்னண்டு மணிக்குள்ள இன்னும் இருபது துண்டு வெட்டி வைங்க.”

கத்தியை எடுத்துக்கொண்டேன்.